தாமதத்தை மன்னிப்பது யார்? பிரிட்டனின் பார்க்கிங் அபராதமும் மேல்முறையீடும்

இங்கிலாந்தின் பார்க்கிங் விதிகளில் 'தவிர்க்க முடியாத தாமதம்' என்றொரு காரணம் கிடையாது. ஆனால் வண்டிக் கண்ணாடியில் அபராத உறை ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் எவருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். டாக்டர் கூப்பிடவே ஒரு மணி நேரமாகிவிட்டது, வண்டி கிளம்பவில்லை, பிள்ளை வாந்தி எடுத்தது, அம்மாவுக்குத் தலைசுற்றிவிட்டது. பெரும்பாலும் இவை உண்மையாகவே இருக்கும். மேல்முறையீட்டுக்கென்று விதிகள் சொல்லும் காரணங்களோ வேறு வகை. மீறல் நடக்கவே இல்லை, கேட்கும் தொகை விதித்த அளவைவிட அதிகம், அந்த நாளில் வண்டி என்னுடையதல்ல, யாரோ என் அனுமதியின்றி எடுத்துப் போயிருந்தார்கள், போக்குவரத்து ஆணையே செல்லாது, கவுன்சில் நடைமுறையில் தவறிவிட்டது என்று போகிறது அந்த வரிசை. நம் தாமதத்துக்கு அதில் ஓர் இருக்கை இல்லை. அப்படியும் தாமதத்தைச் சொல்லி டிக்கெட்டை ரத்து செய்யவைத்தவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, சிலருக்கு ஏன் நடப்பதில்லை என்று பார்க்க, மன்னிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் அது நீதிமன்றத்தில் இருந்தது. தவறான இடத்தில் வண்டி நிறுத்துவது குற்றமாகவே கருதப்பட்டது. பிரிட்டனின் முதல் டிராஃபிக் வார்டன்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களில் இறங்கியது 1960 செப்டம்பரில். அவர்கள் எழுதிய முதல் டிக்கெட், வெஸ்ட் எண்ட் ஓட்டல் ஒன்றில் மாரடைப்பில் விழுந்தவரைப் பார்க்க ஓடிய தாமஸ் கிரைட்டன் என்ற டாக்டரின் காருக்குப் போனது. தொகை 2 பவுண்டு. செய்தி பரவி ஊரே முணுமுணுத்ததும் அதைக் கைவிட்டார்கள். இந்த நாட்டு வார்டன் டிக்கெட்டின் வரலாறே தவிர்க்க முடியாத தாமதம் ஒன்றில்தான் தொடங்குகிறது என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. அந்த மன்னிப்பு எந்த விதிப்படியும் வந்ததல்ல, ஊர் வாய்க்குப் பயந்து வந்தது. ஆனாலும் அப்போது விதிப்படியும் ஒரு வாசல் இருந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, "செய்தது உண்மை, காரணம் இது" என்று சொல்ல முடியும். அவருக்குப் பட்டால் அபராதமே இல்லாமல் விட்டுவிடவும் முடியும்.

1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை மாற்றியது. பார்க்கிங் மீறலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, கவுன்சிலுக்குச் செலுத்த வேண்டிய சிவில் தொகையாக ஆக்கியது. தொண்ணூறுகளின் முன்பாதியில் லண்டன் பரோக்கள் இந்த முறைக்கு வந்தன, பிறகு மற்ற ஊர்கள். 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் 2008 மார்ச் 31 முதல் பார்க்கிங்குக்கு அமலாகி, இங்கிலாந்து முழுவதையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தது. குற்றம் என்ற பழி போனது நல்லதுதான். கூடவே மாஜிஸ்திரேட்டும் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த தீர்ப்பாய நடுவர், பணம் சட்டப்படி வரவேண்டியதா இல்லையா என்று மட்டுமே பார்ப்பவர். பாவம் பார்ப்பது அவர் வேலையல்ல. லண்டனின் நெரிசல் கட்டணம் பற்றிய வால்ம்ஸ்லி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் இதை அழுத்திச் சொன்னது: விதியில் உள்ள காரணங்களுக்கு வெளியே போய், நியாயமாகத் தோன்றுகிறது என்று அபராதத்தைத் தள்ளுபடி செய்ய நடுவருக்கு அதிகாரம் இல்லை.

மன்னிக்கும் அதிகாரம் கவுன்சிலின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல், மீறல் நடந்தது உறுதியென்றாலும் எந்தக் கட்டத்திலும் டிக்கெட்டை ரத்து செய்யும் உரிமை கவுன்சிலுக்கு உண்டு என்கிறது. 2008இல் அமலான விதிகளும், பட்டியலிட்ட காரணம் எதுவும் பொருந்தாவிட்டாலும், குறிப்பிட்ட சூழ்நிலையில் ரத்து செய்யும்படியான வலுவான காரணங்கள் இருந்தால் அதை முறையீட்டில் சொல்லலாம் என்றன. 2022இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இது நீடித்தது. தாமதம் நுழையக்கூடிய சந்து இது ஒன்றுதான். தெருவில் டிக்கெட் போட்ட அதிகாரியிடம் வாதாடி இந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. டிக்கெட்டை ஒட்டிய பிறகு அதைத் திரும்ப எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் சனிக்கிழமை மரக்கறி வாங்கவரும் நம்மவர்கள் அவரைப் பிடித்துச் சத்தம் போடுவதை நிறையப் பார்க்கலாம். அந்தச் சத்தம் அவருடைய குறிப்பேட்டில் ஏறி, பிறகு கவுன்சில் தரப்புச் சான்றாக வந்து உட்காரும்.

தாமதம் எல்லாம் ஒரே ரகமல்ல. முதலாவது, சில நிமிடத் தாமதம். 2015 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில், அனுமதிக்கப்பட்ட பார்க்கிங் இடத்தில் நேரம் முடிந்தபின் 10 நிமிடம் வரை டிக்கெட் போடக்கூடாது. சீட்டு 2 மணிக்கு முடிகிறது, டிக்கெட்டில் 2.08 என்றிருக்கிறது என்றால் காரணமே சொல்ல வேண்டாம், கருணையும் கேட்க வேண்டாம். அந்த டிக்கெட் செல்லாது. காசு கட்டும் இடத்துக்கும், குறிப்பிட்ட நேரம் வரை இலவசமான இடத்துக்கும் இது பொருந்தும். மஞ்சள் கோட்டில் நிறுத்தியவருக்கும், சீட்டே வாங்காதவருக்கும் பொருந்தாது. இந்தப் பத்து நிமிடம் தனக்குப் பொருந்துமா என்று பார்க்காமலே மூன்று பக்கத்துக்குத் தன் கஷ்டத்தை எழுதுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, வண்டி நின்றுபோனது. பலருக்குத் தெரியாத விஷயம், இது மன்னிப்பு கேட்க வேண்டிய விவகாரமே அல்ல என்பது. ஒவ்வொரு தெருவின் கட்டுப்பாட்டுக்கும் பின்னால் கவுன்சில் பிறப்பித்த ஒரு போக்குவரத்து ஆணை இருக்கும். ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வண்டி நகர முடியாமல் நின்றால் தடை பொருந்தாது என்ற விலக்கு பெரும்பாலான ஆணைகளில் எழுதப்பட்டிருக்கிறது. போலீஸ் சொல்லி நிறுத்தியதற்கும், ஆட்களை ஏற்றி இறக்குவதற்கும் இப்படியே விலக்குகள் உண்டு. விலக்கு பொருந்தினால் மீறல் நடக்கவில்லை என்று பொருள். அதாவது தாமதம் சட்டத்தின் முதல் காரணத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது, நடுவரே அதை ஏற்று டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யலாம். ஆகவே பேட்டரி செத்துப்போனவர் "தயவுசெய்து மன்னியுங்கள்" என்று எழுதுவது தன் கையிலிருக்கும் துருப்புச்சீட்டைக் கீழே போடுவதற்குச் சமம். கவுன்சிலிடமிருந்து அந்தத் தெருவின் ஆணையை வாங்கிப் படித்து, விலக்கின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, மீட்பு வண்டிக்காரர் கொடுத்த நேரம் பதிந்த அறிக்கையையும் மெக்கானிக்கின் பில்லையும் இணைக்க வேண்டும். கண்ணாடிக்குள் வைத்த 'வண்டி ரிப்பேர்' என்ற துண்டுச்சீட்டு மட்டும் எங்கும் எடுபடாது. அதை யாரும் எழுதிவைக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையில் சிக்கலானது: ஆஸ்பத்திரி, கிளினிக், பள்ளிக்கூடம், அலுவலகம் என்று வேறொருவரின் நேரத்துக்குள் நாம் மாட்டிக்கொள்வது. இங்கே கவுன்சில் கேட்கும் கேள்வி, தாமதம் நடந்ததா என்பதல்ல. அது முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடியதா என்பது. டாக்டரைப் பார்க்கப் போனால் காத்திருக்க வேண்டிவரும் என்பது இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும், ஆகவே கூடுதல் நேரத்துக்குச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 10 மணி அப்பாயின்ட்மென்டுக்கு 10.30 வரை சீட்டு வாங்கியவரையும், 12 மணி வரை வாங்கிவைத்தும் உள்ளே திடீரென்று கட்டிலில் படுக்கவைக்கப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாமவரின் கடிதத்தில் வலுவான பகுதி அவருடைய நோயல்ல. எத்தனை மணிக்கு அப்பாயின்ட்மென்ட், எதுவரை சீட்டு, எத்தனை மணிக்கு நிலைமை மாறியது, எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள் என்ற நேரக்கணக்கும், அதை உறுதிசெய்யும் கிளினிக்கின் கடிதமும்தான் அவரைக் காப்பாற்றும்.

இந்த மூன்றாவது வகையில் நிலைமையைத் தலைகீழாக்கியது கைபேசி. முன்பு சீட்டு இயந்திரத்துக்கு ஓடிப்போய்க் காசு போட முடியவில்லை என்றாலே போதுமான விளக்கமாக இருந்தது. இப்போது ரிங்கோ, பேபைஃபோன் போன்ற செயலிகளில் உட்கார்ந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டிக்கலாம் என்பதால், "ஏன் நீட்டிக்கவில்லை?" என்பது மறுப்புக் கடிதத்தின் நிரந்தர வாக்கியமாகிவிட்டது. அதற்குப் பதில் முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். ஸ்கேன் அறைக்குள் போனைக் கொண்டுபோக விடவில்லை, அந்த இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் நீட்டிக்கவே முடியாது, பக்கத்தில் மயங்கிக் கிடந்தவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எதுவானாலும் சரி. அவர்கள் கேட்ட பிறகு சொன்னால், யோசித்துக் கட்டிய கதைபோலத் தோன்றும். இதோடு இன்னொன்றும் பார்க்கலாம். எந்தெந்தச் சூழ்நிலையில் டிக்கெட்டை ரத்து செய்வோம் என்ற தங்கள் கொள்கையை வெளியிட வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்வதால், பல கவுன்சில்கள் அதை இணையத்தில் போட்டிருக்கின்றன. நம் கதை அந்தக் கொள்கையின் எந்தப் பத்தியில் பொருந்துகிறது என்று அவர்கள் வார்த்தையாலேயே காட்டுவது, நான்கு பக்க உருக்கத்தைவிடப் பயன்தரும்.

எழுத உட்காருவதற்குமுன், டிக்கெட் கவுன்சிலுடையதுதானா என்று பார்த்துவிட வேண்டும். சூப்பர்மார்க்கெட், சில்லறைக் கடை வளாகம், பல ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றின் கார் பார்க்குகளைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. கவுன்சிலின் டிக்கெட்டைப்போலவே அவர்கள் காகிதத்தின் சுருக்கப்பெயரும் பி.சி.என்.தான், உறையின் நிறமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் அது ஒப்பந்த மீறலுக்கான கோரிக்கை, அதற்கு வேறு சட்டம், வேறு மேல்முறையீடு. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்குக் கேட்ட 85 பவுண்டு செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் 'பார்க்கிங்ஐ' நிறுவனம் எதிர் பீவிஸ் வழக்கில் சொன்னது. அதன்பிறகு 'தனியாரின் டிக்கெட்டைக் குப்பையில் போடு' என்ற பழைய அறிவுரையைக் கேட்பது ஆபத்து. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனித் தீர்ப்பாயங்கள் உண்டு. வட அயர்லாந்தில் தெருவோர டிக்கெட்டைப் போடுவதே கவுன்சில் அல்ல, உள்கட்டமைப்புத் துறை. நான் இங்கே சொல்லும் படிகள் இங்கிலாந்துக்குரியவை.

இனி பணம். லண்டனுக்கு வெளியே அபராதம் மீறலின் வகையைப் பொறுத்து 50 அல்லது 70 பவுண்டு. நேரம் கடந்து நின்றது குறைந்த வகையில் வரும். லண்டன் பரோக்களில் 2025 ஏப்ரல் முதல் 160 பவுண்டு வரை போகிறது. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. இந்தப் பாதிதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. 25 பவுண்டோடு முடிந்துபோகும் ஒன்றுக்காக 50 பவுண்டைப் பணயம் வைக்க எத்தனை பேர் துணிவார்கள்? தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிறவர்கூடக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. பிறகு வாதாட முடியாது.

துணிகிறவருக்கு முதல் படி அந்த 14 நாளுக்குள் அனுப்பும் முறைசாரா ஆட்சேபம். இதில் இழப்பு ஏதுமில்லை. மறுத்தாலும் பாதித் தொகைச் சலுகையை இன்னொரு 14 நாளுக்குத் திரும்பத் தர வேண்டும் என்பது வழிகாட்டுதல், அநேகமாக எல்லாக் கவுன்சில்களும் தருகின்றன. அங்கே நின்றுவிடாமல் மேலே போனால், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு ஒரு அறிவிப்பு வரும். பொறுப்பு உரிமையாளருடையது, ஓட்டியவருடையதல்ல. மைத்துனரின் காரை எடுத்துக்கொண்டு போனவர் இதை நினைவில் வைப்பது குடும்ப அமைதிக்கு நல்லது. அறிவிப்பு கிடைத்த 28 நாளுக்குள் முறையான முறையீடு, கவுன்சில் 56 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முறையீட்டை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை என்ற கொள்கையை விதிகள் கவுன்சிலுக்கும் சேர்த்தே வைத்திருப்பது இந்த இடத்தில்தான்.

மறுப்பு வந்தால் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். முறையீட்டையும் அதோடு தந்த சான்றையும் பரிசீலிப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. கிளினிக்கின் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், "நேரத்துக்குள் திரும்புவது ஓட்டுநரின் பொறுப்பு" என்று எல்லோருக்கும் அனுப்பும் அச்சுவார்ப்புப் பதில் வந்திருந்தால், அங்கே ஒரு வழக்கு பிறக்கிறது. அவர்கள் பரிசீலிக்கவே இல்லை, அல்லது ரத்து செய்யும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிட்டார்கள், ஆகவே நடைமுறையில் தவறிவிட்டார்கள் என்று நடுவரிடம் வாதிடலாம். இந்த வாதத்தை நடுவர்கள் ஏற்றிருக்கிறார்கள். தாமதத்தை மன்னிக்க அதிகாரமில்லாத நடுவர், தாமதத்தைப் பற்றிய கடிதத்தைப் படிக்காமல் விட்ட கவுன்சிலைத் தோற்கடிக்க முடியும். சட்டம் இப்படித்தான் சுற்றிக்கொண்டு நியாயத்துக்கு வருகிறது, வராமலும் போகிறது.

லண்டனுக்கு லண்டன் டிரிபியூனல்ஸ், இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் டிராஃபிக் பெனால்டி டிரிபியூனல். மறுப்பு கிடைத்து 28 நாளுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கிறுக்குத்தனமாகவோ அநியாயமாகவோ நடந்துகொண்டாலொழிய எதிர்த்தரப்பின் செலவு நம் தலையில் விழாது. போடப்படும் டிக்கெட்டுகளில் நூற்றில் ஒன்றுகூட இங்கே வருவதில்லை. ஆனால் வந்தவற்றில் கணிசமான பங்கைக் கவுன்சில்கள் எதிர்த்து வாதிடாமலே கைவிட்டுவிடுகின்றன. சான்றுகளைத் தொகுத்து அனுப்பும் வேலைக்கு 50 பவுண்டு கட்டுபடியாகாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கோப்பைக் கடைசியில்தான் யாரோ ஒழுங்காகத் திறந்து பார்க்கிறார்கள் என்பதே முதன்மையான காரணம் என்பது என் சந்தேகம்.

நடுவருக்கு இன்னொரு சிறு கருவியும் உண்டு. மீறல் நடந்தது, விதிப்படி காரணம் எதுவும் இல்லை, ஆனால் சூழ்நிலை வலுவானது என்று அவருக்குப் பட்டால், மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம். 35 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் போய்விடும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அதோடு சரி. அந்த மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை.

தாமதத்தைச் சொல்லத் தயங்கிச் சிலர் டிக்கெட்டின் எழுத்துப்பிழையைத் தேடிப் போகிறார்கள். பார்னெட் கவுன்சில் சம்பந்தப்பட்ட மோசஸ் வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றம், டிக்கெட்டில் இருக்க வேண்டிய தேதிகளில் ஒன்று இல்லாததால் அது செல்லாது என்றதிலிருந்து இந்த ஆசை வலுத்தது. ஆனால் சண்டர்லாந்து கவுன்சிலுக்கு எதிரான ஹெரன் வழக்கில் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டுநரைத் தவறாக வழிநடத்தாத அற்பக் குறைகளால் கட்டுப்பாடு செல்லாததாகிவிடாது என்று சொல்லிவிட்டது. காகிதத்தில் இருக்க வேண்டியது இல்லையென்றால் பேசலாம். தெருக்கோட்டின் அகலம் சற்றுக் குறைகிறது என்று டேப் வைத்து அளப்பவர், அந்த நேரத்தில் கிளினிக்குக்குப் போய் ஒரு கடிதம் வாங்கியிருக்கலாம்.

கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பவருக்கு நேர்வது தனிக்கதை. பதில் இல்லாமல் 28 நாள் போனால் தொகை ஒன்றரை மடங்காகும். 70 பவுண்டு 105 ஆகும். பிறகு நார்த்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகும், அதன்பின் அமலாக்க முகவர். 2014ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் முகவரின் முதல் கடிதத்துக்கு 75 பவுண்டு, வாசலுக்கு வந்தால் மேலும் 235 என்று வைத்தன. வீடு மாறியும் வண்டிப் பதிவில் முகவரியை மாற்றாதவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டுகிறார்கள். அறிவிப்பு கிடைக்கவில்லை, முறையிட்டும் பதில் வரவில்லை, பணம் கட்டிவிட்டேன் என்பன போன்ற காரணங்களுக்குச் சாட்சி அறிக்கை தாக்கல் செய்து வழக்கைப் பின்னால் இழுக்கலாம். ஆஸ்பத்திரியில் நேரமாகிவிட்டது என்பதைச் சொல்ல அங்கே கட்டமே கிடையாது.

சலுகைத் தொகையின் அநியாயத்தைக் குறைக்க ஒரு யோசனை வந்தது. நாடாளுமன்றக் கீழவையின் போக்குவரத்துக் குழு 2013இல், தீர்ப்பாயத்தில் தோற்றவர் ஒரு வாரத்துக்குள் கட்டினால் 25 சதவீதம் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. நாட்டின் விதியாக அது வரவில்லை. நான் கேட்பது வேறு: வலுவான காரணத்துக்காக ரத்து செய்யும் அதிகாரத்தைப் பரிந்துரை என்ற அளவில் நிறுத்தாமல் நடுவருக்கே கொடுத்துவிட வேண்டும். மன்னிப்பது கொள்கை சார்ந்த விஷயம், அது மக்களுக்குப் பதில்சொல்ல வேண்டிய கவுன்சிலிடமே இருக்கட்டும் என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனால் தனிப்பட்ட டிக்கெட் விவகாரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தலையிடக்கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சரியான விதிதான், இல்லாவிட்டால் உறுப்பினரைத் தெரிந்தவருக்கு மட்டும் டிக்கெட் ரத்தாகும். அப்படியானால் அந்த அதிகாரம் கடைசியில் ஓட்டுக் கேட்டு வராத, கடிதத்தின் அடியில் ஒரு கையெழுத்தாக மட்டும் தெரிகிற அலுவலரிடம்தான் இருக்கிறது. அதைப் பகிரங்கமாகக் கேட்டு, காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்லும் ஒருவரிடம் கொடுப்பதால் கவுன்சிலின் கஜானா காலியாகிவிடாது. நூற்றில் ஒருவர்கூடப் படியேறாத தீர்ப்பாயம் அது.